நாலு என்றால் நாலு நிமிஷம்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். சுண்ணாம்புக்கல் லாரிக்கு லோடு ஏற்றிய கையால் கேமரா பிடித்தேன். எவனும் கற்றுக்கொடுக்கவில்லை. அரியலூரில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்து, மேலே மாடி கட்டி, பெரம்பலூர் வரைக்கும் கல்யாண ஆர்டர் பிடித்தவன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. கூச்சம் வேறொரு விஷயத்தில்.

கம்ப்யூட்டர் வேலை முழுக்க என் மருமகளுடையது. படத்தை வெட்டி ஒட்டி டிவிடியில் ஏற்றுவது அவள்தான். வருகிறவர்களிடம் மட்டும், "எல்லாம் நம்ம கைவேலை" என்பேன். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே வேலையைப் பார்ப்பாள்.

அவள் திருமானூருக்குத் தாய் வீடு போயிருந்த ஒருநாள், ரெட்டிபாளையத்திலிருந்து ஒரு பெண் அரக்கப்பரக்க வந்தாள். அவளுடைய அம்மா இறந்தபோது சாவு வீட்டில் படம் எடுத்தவன் நான். அவள் அண்ணன் துபாயில் இருந்தார்; லீவு கிடைக்கவில்லை. கொள்ளி வைக்க வர முடியாதவருக்கு அந்தப் படமாவது போய்ச் சேர வேண்டும். ஊர்க்காரர் ஒருவர் அங்கே போகிறார், அவரிடம் கொடுத்தனுப்புவதாகப் பேச்சு.

"நாளைக்கித்தானேம்மா வாங்கிக்கிறேன்னு சொன்ன?"

"அவருக்கு டிக்கெட் மாறிப்போச்சுங்கய்யா. இப்ப வர்ற ரயில்லயே மெட்ராஸ் போறாரு. இவர விட்டா அடுத்து யாரு போவான்னே தெரியல. ஆவுங்களா?"

"யாருகிட்ட கேக்குற? உக்காரு. டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள உன் கையில இருக்கும்."

மருமகளுக்கு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அந்தப் பெண் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அதெப்படி?

படம் தயாராக இருந்தது. டிஸ்க்கில் ஏற்றுவதுதான் பாக்கி. மருமகள் செய்வதைப் பார்த்துப் பார்த்து எதை அழுத்தினால் எது திறக்கும் என்று கண்பாடம். புது டிஸ்க்கைப் போட்டேன். இரண்டு, நாலு, எட்டு, பதினாறு என்று வரிசையாக எண்கள் வந்து நின்றன. பக்கத்தில் ஆளுக்கொரு பெருக்கல் குறி. இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். நிமிஷம் என்று எடுத்துக்கொண்டேன். சாவு வீட்டுப் படம், ரொம்ப அவசரப்படவும் வேண்டாம் என்று நாலில் வைத்தேன்.

"நாலு நிமிஷம்மா" என்றேன், கெத்தாக.

அதுவரை சும்மா இருப்பானேன் என்று அதே கம்ப்யூட்டரில் படத்தையும் ஓடவிட்டேன். "பாரு, பாடை தெரு முனை திரும்புது. இத எடுக்க யாரு வூட்டு மாடில ஏறுனேன் தெரியுமா? இந்த ஜில்லாவுலயே ஒருத்தன் எடுத்திருக்க மாட்டான்."

அவள் ஒருமுறை பார்த்துவிட்டுத் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டீயைத் தொடவில்லை. திரையில் படுத்திருப்பது அவளுடைய அம்மா என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எனக்கு அது என் ஷாட்.

டிஸ்க் ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு ஊர்ந்தது. நாலு நிமிஷம் எப்போதோ போய்விட்டது.

"என்னங்கய்யா, நின்னுடுச்சா?"

"சிமெண்ட் லாரி போறதுல கட்டடமே ஆடுது. டிஸ்க்கு எங்கேருந்து சுத்தும்?"

இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, பாதியில் நிறுத்தி, அந்த டிஸ்க்கைக் கழித்துப் போட்டேன். நாலு சரிப்படவில்லை, இரண்டில் வைப்போம் என்று வேறொன்றைச் செருகினேன். பச்சைக் கோடு இன்னும் மெதுவாக நகர்ந்தது.

"அவரு ஸ்டேஷனுக்கு வந்துட்டாராமுங்கய்யா" என்றாள், வந்த போனைப் பேசி வைத்துவிட்டு. குரல் இறங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து மருமகளே கூப்பிட்டாள். கை வேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"சாப்ட்டீங்களா மாமா?"

"அத வுடு. டிவிடி நகர மாட்டேங்குது. ரெண்டுல வச்சும் நகரல."

"ரெண்டுலயா? ஐயோ மாமா, அது நிமிஷம் இல்ல. எத்தன மடங்கு வேகம்னு போட்டிருக்கான். கம்மியா வச்சா மெதுவாத்தான் போவும். எட்டுல வைங்க. பதினாறு வேணாம், நம்ம வாங்குற டிஸ்க்கு தாங்காது. வேற எதாச்சும் ஓடுதா?"

"படம் ஓடுது."

"மொதல்ல அத மூடுங்க. பாக்கறதுக்கும் எடுத்துக் குடுக்கணும், டிஸ்க்குல எழுதவும் எடுத்துக் குடுக்கணும்னா கம்ப்யூட்டரு என்ன பண்ணும்?"

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தை மூடி, இன்னொரு புது டிஸ்க்கைப் போட்டு எட்டில் வைத்தேன். மளமளவென்று ஏறியது.

டிஸ்க்கின் சூடு ஆறுவதற்குள் அவளை வண்டியில் உட்காரவைத்து ஸ்டேஷனுக்கு விரட்டினேன். படியேறி உள்ளே போனபோது, ரயிலின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

 அவள் டிவிடியை முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டு அண்ணனுக்கு போன் செய்தாள்.

"குடுக்க முடியலண்ணே... கடையில கரண்டு போயிடுச்சு. பெரியவரு பாவம், எவ்வளவோ பாத்தாரு... அழுவாதண்ணே."

பிறகு போனை என் பக்கம் நீட்டினாள். "அண்ணன் பேசணுங்குது."

வாங்கிக் காதில் வைத்தேன். அந்த மனுஷன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "கஷ்டப்பட்டீங்களாமே, ரொம்ப நன்றிங்கய்யா" என்றார்.

அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா தம்பி, கரண்டு" என்றேன்.