துரை சாப்பிட்டானா?

ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளை எல்லோரும் அலசலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். பிறகு முகத்துக்கு நேரே கூப்பிடத் தைரியம் வந்து, அதுவே பெயராக நிலைத்துவிட்டது. கீரையோ மீனோ, அவள் கையில் அகப்பட்டால் தான் யார் என்பதையே அது மறக்கும்வரை அலசாமல் விடமாட்டாள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவள் சமைப்பது குமட்டல் நோயாளிகளுக்கு. சாப்பாட்டு வண்டி வார்டு வாசலில் வரும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறவர்கள் அவர்கள். அவர்களையும் நாலு வாய் சாப்பிட வைத்த கை அது. மீனை உப்புப் போட்டு ஒரு தடவை, வினிகர் ஊற்றி ஒரு தடவை, அப்புறம் குழாயடியில் தண்ணீர் தெளிந்து ஓடும்வரை அலசுவாள். பக்கத்தில் நிற்பவளின் மூக்குக்கு நேரே நீட்டி, "வாடை போச்சா?" என்பாள். "இது மீன்தானா அக்கா?" என்று பதில் வந்துவிட்டால் அன்றைக்கெல்லாம் அவளுக்குக் கால் தரையில் பாவாது.

அப்படிப்பட்ட கைராசிக்காரியை ஒரு மீன் மதிக்கவில்லை.

மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபோது கூடத்தில் விட்டுப்போன கண்ணாடித் தொட்டியில் அது இருந்தது. கயிற்று மீன் என்று பெயர். பெயருக்கு ஏற்றபடி பழுப்பு நிறத்தில் முக்கால் முழக் கயிறு. புதிதாகப் பார்க்கிறவர்கள் பாம்பு என்று அலறிவிட்டு, அப்புறம் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். மூக்கில் இரண்டு குட்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். கடையில் கட்டியாக உறையவைத்து விற்கிற செம்புழுவைத் தவிர வேறு எதையும் அது ஏறெடுத்தும் பார்க்காது. அந்த மிடுக்குக்காக மகள் வைத்த பெயர் துரை. மகள் துரையைக் கூட்டிக்கொண்டு போகாததற்கும் அந்தப் புழுதான் காரணம். அவளோடு அறையையும் ஃபிரிட்ஜையும் பங்கு போட்டுக்கொண்ட தோழிகள், புழு உள்ளே வந்தால் நாங்கள் வெளியே என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகள் வீடியோவில் கூப்பிடுவாள். எடுத்ததும் முதல் கேள்வி, "துரை சாப்பிட்டானா?" இரண்டாவது, "அவனைக் காட்டு." அம்மா போனைத் தொட்டிப் பக்கம் திருப்புவாள். மிச்சப் பேச்செல்லாம் துரையின் முகத்தோடுதான். அம்மாவின் கட்டைவிரல் மட்டும் ஓரத்தில் தெரியும். வீட்டில் இருந்த காலத்திலும் அவர்களுக்குள் பேச்சு அப்படி ஒன்றும் பொங்கி வழிந்ததில்லை. "இதுல ஒரு வாசனையும் இல்லம்மா" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற பெண் அவள். ஆகவே துரை இருக்கிற வரைக்கும்தான் இந்த போன் என்று அலசலக்கா தனக்குள் முடிவு கட்டியிருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

இந்த நிலைமையில்தான் துரை மெலியத் தொடங்கினான். மகள் வேறு அடுத்த மாதம் லீவில் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர், அவள் போனில் காட்டிய துரையின் படத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "வெறும் செம்புழுதானா? தினம் மூணு வேளையும் மிட்டாய் தின்னா உடம்பு என்னத்துக்கு ஆகும்? இறால், மீன் துண்டு, மண்புழு, ஊறவச்ச தீவன உருண்டைன்னு மாத்தி மாத்திப் போடணும். இப்படியே விட்டா ரொம்ப நாள் தாங்காதும்மா. கண்ணு அவ்வளவா தெரியாது அதுக்கு, வெளிச்சமும் ஆகாது. தொட்டியை இருட்டாக்கிட்டுப் போடுங்க."

சாப்பிட வைக்கிற வித்தையை எனக்கே சொல்லித்தருகிறாரா என்று நினைத்தபடி வந்தாள். பிஞ்சு இறாலாக வாங்கி, ஓடு உரித்து, உப்பு, வினிகர், குழாயடி என்று மூன்று கண்டமும் தாண்டவைத்து, நகத்தளவு நறுக்கினாள். பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கும் கணவர், துரை எகிறிக் குதித்துவிடாமல் இருக்கத் தொட்டி மூடிக்குத் தானே செய்து மாட்டியிருந்த தாழ்ப்பாளைத் திறந்தார். இருட்டுக்காக ஒரு கறுப்புக் குடையை விரித்துத் தொட்டிக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குள் குடை பிடிக்கிற மனிதரை எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடினாள்.

துரை இறாலின் மேலேயே நீந்திப் போனான். திரும்பி வந்தான். மறுபடியும் அதன்மேலேயே போனான். இடுக்கியில் பிடித்து வாயருகே நீட்டினால், யாரோ கூழாங்கல்லை நீட்டியதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாள் மீன் துண்டு, அதற்கு மறுநாள் சிப்பிக் கறி. எல்லாம் அலசின பொருள், எல்லாம் தொட்டி அடியில் கிடந்தது.

"ரெண்டு நாள் பட்டினி போடுங்க, தானா வழிக்கு வருவான்" என்றார் கடைக்காரர். பட்டினி என்ற வார்த்தையே அவளுக்கு ஆகாது. இருந்தாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு போட்டாள். ஆச்சரியம், துரை வாடவே இல்லை. இறாலைக் காட்டினால் அதே அலட்சியம். என்ன வைராக்கியம் பிடித்த ஜீவன் இது என்று அவளுக்கு மரியாதையே வந்துவிட்டது.

ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பியவள், மறந்துபோன தலைத்தொப்பியை எடுக்கத் திரும்பி வந்தாள். கணவர் ஒரு கையில் குடையோடும் மறு கையில் செம்புழுக் கட்டியோடும் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"பாவம், என்னையே பாக்கறான்" என்றார், குடையைத் தாழ்த்தாமல்.

"அதுக்குக் கண்ணே சரியாத் தெரியாதுங்க! எல்லாத்தையும் மோந்துதான் கண்டுபிடிக்கும். மூக்குல அந்தக் குழாய் எதுக்கு இருக்கு?"

சொன்னது அவள்தான், பிடித்துக்கொண்டது அவர். "அப்படியா சேதி? உன் இறால்ல இறால் வாடையே இல்லையே. கல்யாணம் ஆன நாள்லேருந்து நானே கண்ணால பாத்துதான் இது மீனு, இது காயின்னு கண்டுபிடிச்சுச் சாப்பிடறேன். அவனுக்குக் கண்ணும் இல்ல. என்னதான் பண்ணுவான்?"

அலசலக்காவுக்குச் சுருக்கென்றது. "இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா சோறு கிடைச்சிருக்குமா?"

அன்று சமையலறையில் அவள் மீனை யார் மூக்குக்கு நேரேயும் நீட்டவில்லை. நோயாளிகளுக்கான மீனை வழக்கம்போல அலசினாள். அவர்களுக்கு அதுதான் சரி, அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வார்டில் படுத்திருக்கிறவர்களையும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களையும் ஒரே தட்டில் வைத்துவிட்டோமே என்பது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. "வாசனையே இல்லம்மா" என்று மகள் சொன்னதைத் திமிர் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

சாயங்காலம் இறால் வாங்கிவந்து ஓட்டை மட்டும் உரித்தாள். குழாயின் பக்கம் தானாகப் போன கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். செம்புழு உருகின சிவப்புத் தண்ணீரில் துண்டுகளைப் புரட்டி, திருட்டு வேலை செய்கிறவள்போல் தொட்டிக்குள் போட்டாள். துரை மறுகோடியில் கிடந்தான். மூக்குக் குழாய்கள் அசைந்தன. அப்புறம் கயிறு மொத்தமும் ஒரு சுண்டு சுண்டி, நேரே வந்து, லபக்.

கணவர் குடையைக் கீழே போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. சிவப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். மீன் துண்டுக்கு மாறினான், மண்புழுவுக்கு மாறினான், கடைசியில் ஊறவைத்த தீவன உருண்டையைக்கூடச் சத்தம் போடாமல் தின்றான். உடம்பு தேறிப் பளபளத்தது. அந்தச் சூட்டோடு சூடாக வீட்டு அடுப்பிலும் வெங்காயமும் பூண்டும் சிவக்கச் சிவக்க வதங்கின. முதல் நாள் கணவர் தப்பான வீட்டுக்குள் வந்துவிட்டவர்போல வாசலிலேயே நின்றார்.

மகள் வந்தாள். பையை இறக்கும் முன்பே மூக்கை உறிஞ்சினாள். "யாரு சமைக்கிறாங்க?" என்று கேட்டாள். சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளவில்லை. இன்னொரு கரண்டி கேட்டாள். அம்மா முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு இடுக்கியை எடுத்துக்கொண்டுபோய், இறால், மீன், உருண்டை எல்லாவற்றையும் துரைக்கு ஊட்டிக் காட்டினாள். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையைப்போல் அவனும் ஒன்றுவிடாமல் தின்றான்.

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். "அம்மா, உருண்டைகூடத் திங்கறானே! இனிமே ஃபிரிட்ஜ்ல புழு வைக்கவே வேணாம். நான் இவனைக் கூட்டிட்டுப் போறேன்!"

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதை அலசலக்கா இடுக்கியால் அள்ளிப் போட்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், மிச்சமிருந்த உருண்டையையும் துரைக்கே போட்டாள். லீவு முடிந்ததும் துரை மூடி போட்ட வாளியில் கிளம்பிப் போனான். கணவர் அதற்கும் ஒரு தாழ்ப்பாள் செய்து மாட்டியிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் காலையிலேயே சமைத்து மூடிவைத்துவிட்டு, காலித் தொட்டியைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள். மதியம் ஆனது. கணவர் தட்டை வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவள் போனைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அது அடித்தது. பழக்கதோஷத்தில் எடுத்த கையோடு காலித் தொட்டியின் பக்கம் திருப்பினாள்.

"சாப்பிட்டாச்சா?" என்றாள் மகள்.

"அவன்தான் உங்கிட்ட இருக்கானே. என்னைக் கேட்டா எனக்கு என்ன தெரியும்?"

"ஐயோ அம்மா, போனைத் திருப்பு. உன்னைத்தான் கேக்கறேன். நீ சாப்பிட்டியா?"

அலசலக்கா போனைத் திருப்பினாள். "ஓ, சாப்பிட்டேனே" என்றாள்.

"பொய்!" என்று சமையலறையிலிருந்து கணவர் கத்தினார். "பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படல!"

"போய்த் தட்டுல போட்டுட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்."

அவள் போட்டுக்கொண்டு வந்தாள். மகள் பார்த்துக்கொண்டே இருக்க, ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டாள். துரைக்கு இன்றைக்கு என்ன போட்டாய் என்று கேட்க அவளுக்கு ஞாபகமே வரவில்லை.