மாப்பிள்ளை பெயரில் வந்த விடுப்பு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் மாப்பிள்ளை தன் மகளைக் குளிப்பாட்டுவதை வீடியோ காலில் பார்த்தேன். இடது முழங்கையில் குழந்தையின் தலை. வலது கையில் தண்ணீர். குழந்தை அழவில்லை. அவரும் பதறவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது.

"பாருங்க, எவ்ளோ பக்குவமா செய்றாரு!" என்றாள் என் மனைவி பத்மா. கொஞ்ச நாளாக உத்திரமேரூர் கடைத்தெரு முழுக்க அவளுக்கு இதே பேச்சுதான். மருந்துக்கடையில் சொல்லியாயிற்று, கீரைக்காரம்மாவிடம் சொல்லியாயிற்று. இத்தனை வருடக் குடித்தனத்தில் கீரைக்காரம்மாவிடம் என்னைப் பற்றி அவள் சொன்னது ஒன்றே ஒன்று — "அவருக்கு முருங்கைக்கீரை ஒத்துக்காது."

மகள் நித்யாவும் மாப்பிள்ளை பிரபுவும் ஜெர்மனியில், லைப்சிக் நகரத்தில் இருக்கிறார்கள். இருவருக்கும் வேலை. அந்த நாட்டில் குழந்தை பிறந்தால் அப்பாவும் விடுப்பு எடுக்கலாம். சம்பளத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை, ஓர் உச்சவரம்புக்குள், அரசாங்கமே தருகிறது. கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விதி என்று ஒன்று கண்ணில் பட்டால் படிக்காமல் விட முடியாது. போனிலேயே மொழிபெயர்த்து, அடிக்குறிப்பு உட்பட எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.

நம் ஊரில் ஒருவரை சஸ்பெண்ட் செய்தால் முதலில் பாதிச் சம்பளம். அங்கே குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அதைவிட அதிகம்! எரியுமா, எரியாதா?

நித்யா குடியிருக்கும் கட்டடத்திலேயே இதற்கு இரண்டு கட்சி உண்டாம். மாடியில் ஒரு வயதான அம்மா, பழைய கிழக்கு ஜெர்மனிக்காரர். குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு மில் வேலைக்குப் போனவர். அந்தக் காலத்து கிழக்கில் அதுதான் வழக்கம். (வேலை முடிந்து வந்து சமைத்ததும் அவரேதான் — அது எந்தப் புரட்சியிலும் மாறவில்லை.) கீழ்வீட்டம்மா மேற்கிலிருந்து குடிவந்தவர். சின்னக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பெண்ணை அவர்கள் பக்கம் 'காக்கைத் தாய்' என்று திட்டுவார்களாம். நாடு இணைந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் வானிலை பற்றி மட்டும் பேசுகிறார்களாம்...

சிரிக்காதீர்கள். எங்கள் உத்திரமேரூரும் மாப்பிள்ளையின் ஊரான சாலவாக்கமும் கல்யாணத்தில் இணைந்தவைதான். எங்கள் லட்சணத்தைக் கேளுங்கள்.

ஞாயிறு சாயங்காலமே நித்யா மறுபடி கூப்பிட்டாள். "அப்பா, பிரபு லீவ் எடுத்ததுக்கு அவர் அம்மா தினமும் போன்ல அழறாங்க. லீவை கேன்சல் பண்ணிடலாமான்னு பிரபு யோசிக்கிறாரு. அவர் ஆபீஸ் போயிட்டா நான் போக முடியாது. எனக்குக் குடுத்த டீம் லீடர் போஸ்ட் வேற ஆளுக்குப் போயிடும்ப்பா."

கூடவே, "இல்லன்னா நீங்களும் அம்மாவும் வந்து குழந்தையைப் பாத்துக்கணும்" என்றாள்.

முதலில் போட்ட திட்டமும் அதுதான். ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டேன். மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைத்ததும் என் பயணம் ரத்து. பேத்தியை இதுவரை நான் தொட்டதே இல்லை. இப்போது புரிகிறதா, அந்த முழங்கையைப் பார்த்தால் எனக்கு ஏன் எரிகிறது என்று?

திங்கட்கிழமை காலை சம்பந்தியம்மா சரோஜா டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"அண்ணே, எம் புள்ளைக்கு வேலை போச்சா, இல்லியா? உண்மைய சொல்லுங்க."

"போகலையே. யார் சொன்னது?"

"ஊரே சொல்லுது. பட்டப்பகல்ல வூட்ல குந்திக்கினு கொயந்தைக்கு ஆயி கழுவிக்கினு கீறானாம். சஸ்பெண்டு ஆயிட்டான்னு டீக்கடையில பேசிக்கிறானுங்க. எங்க வூட்டுக்காரரு வெளிய தல காட்ட முடியல. ஒரே பேஜாரு!"

"அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"அவருக்கு டிக்கெட் எடுக்கணும். எனக்கு ஃப்ரீ."

பத்மா காபி கொண்டுவந்தாள். சம்பந்தியம்மா தொடவில்லை.

"லீவ வாபஸ் வாங்கினு வேலைக்குப் போடான்னா, மாமாவ கேளும்மான்றான். ரூல்ஸ் தெரிஞ்சவரு நீங்கதான். வாபஸ் வாங்க முடியுமா, முடியாதா?"

ஒரே ஒரு சொல். நான் 'முடியும்' என்றால் போதும். அது பொய்யும் இல்லை — கம்பெனி சம்மதித்தால் முடியும், படித்திருக்கிறேன். அடுத்த மாதம் பேத்தி என் மடியில்...

நித்யாவின் போஸ்ட் வேறொருவர் மடியில்.

"முடியும்" என்றேன். பத்மா என்னைப் பார்த்த பார்வையில் காபி ஆறிப்போயிருக்கும். "ஆனா, வாபஸ் வாங்கினா அந்த மாசமெல்லாம் லேப்ஸ் ஆயிடும்."

"லேப்ஸுன்னா?"

"இந்த மாசம் ரேஷன்ல சக்கரை வாங்காம விட்டுட்டா, அடுத்த மாசம் சேத்துக் குடுப்பாங்களா?"

"எங்க குடுப்பானுங்க! போனது போனதுதான்."

"அதே கதைதான். அப்பாவுக்குன்னு ஒதுக்கினதை பிரபு எடுக்கலன்னா, நித்யாவுக்கும் கிடையாது. கவர்மெண்டே வச்சுக்கும்."

"அவ பேருக்கு மாத்திக்க முடியாதா?"

"மாசாமாசம் உங்க பேர்ல வர்ற உரிமைத் தொகையை சம்பந்தி பேருக்கு மாத்த முடியுமா?"

"மாத்திட்டாலும்! அவரு கைக்குப் போனா அது வூடு வந்து சேருமா?"

காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். இடுப்பிலிருந்து போனை உருவினார்.

"டேய் பிரபு! லேப்ஸ் ஆவுதாமேடா, ஏன்டா எங்கிட்ட சொல்லல? முழுசா எடு. ஒரு நாளு வுடாத. ஊருல ஆயிரம் பேசுவானுங்க. நம்ம பேர்ல வந்தத நாம ஏன் வுடணும்? கொயந்தைக்கு ஆயி கழுவுனியா? நல்லா கழுவு!"

அரசாங்கங்களுக்கு இந்த சூட்சுமம் தெரிந்திருக்கிறது. ஆணும் பெண்ணும் சமம் என்று எத்தனை மேடை போட்டாலும் ஒரு வீடும் அசையாது. யார் பெயரில் என்று எழுதிவிட்டால் போதும். இங்கே பணத்தைப் பெண் பெயரில் எழுதினார்கள். அங்கே விடுப்பை அப்பா பெயரில். தாத்தா பெயரில் எந்த நாடும் எதையும் எழுதவில்லை. விசாரித்துவிட்டேன்.

சாயங்காலம் நித்யாவிடமிருந்து போட்டோ வந்தது. மாப்பிள்ளை நெஞ்சின்மேல் பேத்தி, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். "தேங்க்ஸ் மாமா" என்று மாப்பிள்ளை தமிழ் எழுத்திலேயே எழுதியிருந்தார்.

நான் ஓய்வு பெற்றபோது, நித்யா பிறந்த சமயத்தில்கூட எடுக்காமல் சேர்த்து வைத்திருந்த ஈட்டிய விடுப்பு முழுவதையும் பணமாக வாங்கிக்கொண்டேன். ஆபீஸே பொறாமைப்பட்டது. மாப்பிள்ளைக்கு அப்படி மிச்சம் பிடிக்கத் தெரியவில்லை.

'பாவம்' என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். பத்மாகூட நம்பவில்லை.