கொதிக்கிற சட்டியில் ஒரு வால்வு

என் வண்டிக்கு எமனாக வந்தது கண்டெய்னர் லாரியும் இல்லை, போலீஸும் இல்லை. இஞ்சினுக்குள் இருக்க வேண்டிய ஒரு சின்ன வால்வு. தெர்மோஸ்டாட் என்பார்கள். உள்ளங்கையில் வைத்து மூடிவிடலாம், அவ்வளவுதான் இருக்கும்.

நான் காசிமேட்டில் மீன் எடுத்து எர்ணாவூர், கத்திவாக்கம் பக்கம் தெருத்தெருவாக விற்கிறவள். என்னோடு இன்னும் மூன்று பெண்கள். ஏலம் முடிந்து கூடையோடு ரோட்டுக்கு வந்தால் எந்த ஷேர் ஆட்டோவும் நிற்காது. தூரத்திலேயே கூடையைப் பார்த்துவிட்டு, கண் தெரியாதவன் போலப் போய்விடுவான். தப்பித்தவறி நின்றாலும், "மீன் தண்ணி ஊத்தும்க்கா, வண்டி கலீஜ் ஆயிடும், வோணாம்" என்பான். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை வந்து, "நல்ல வஞ்சிரமா பாத்து எடுத்து வைக்கா" என்று இளிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கெஞ்சல் அலுத்துப்போய்த்தான் நாற்பது வயதுக்கு மேல் டிரைவிங் கற்றுக்கொண்டேன். வேன் மாதிரி நீளமான ஒரு பழைய டீசல் காரை வாங்கினேன். பின்னால் கூடைகள், நடுவில் மூன்று பெண்கள், முன்னால் நான். முதல் நாள் அப்படிப் போனபோது எங்களுக்கு வந்த திமிர் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டும்போது வேண்டுமென்றே ஹாரன் அடித்தேன்.

வீட்டுக்காரருக்கு ஹார்பரில் வேலை. ஆரம்பத்திலிருந்தே அவருக்கு இந்த வண்டி பிடிக்கவில்லை. "பழைய வண்டி வாங்கறதும் பேஜார வெல குடுத்து வாங்கறதும் ஒண்ணுதான்" என்றார். என் பக்கம் நின்ற ஒரே ஆள் என் கொழுந்தன். காசிமேட்டில் விசைப்படகு இஞ்சின்கள் பார்க்கிறவன். "நீ வாங்கு அண்ணி. இஞ்சின நான் பாத்துக்கறேன்" என்று தன் அண்ணன் முன்னாலேயே சொன்னான். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் வாங்கினேன்.

சொன்னபடியே பார்த்துக்கொண்டான். வந்த வாரமே பானெட்டைத் திறந்து, முதல் வேலையாக அந்த வால்வைக் கழற்றினான். படகு இஞ்சின் பார்க்கிற கைகள் எல்லாமே அப்படித்தான். படகில் கடல் தண்ணீரே இஞ்சினைக் குளிர வைக்கிறது. ஒரு கடல் முழுக்கத் தண்ணீர் இருக்கும்போது அது போகிற வழியில் கதவு எதற்கு என்பது அவர்கள் கணக்கு. "இது குளுரு தேசத்துக்காரனுக்கு வெச்சது அண்ணி. நம்ம வெயிலுக்கு இன்னாத்துக்கு? தண்ணி ஓடுற வயில குறுக்க நின்னுக்கினு கீது" என்றான். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சென்னை வெயிலில் இஞ்சின் எவ்வளவு குளிர்ந்தாலும் நல்லதுதானே என்று நானும் தலையாட்டினேன்.

ஆனால் வண்டி வேறு மாதிரி நடந்துகொண்டது. விடியலில் காசிமேட்டை விட்டுக் கிளம்பினால் திருவொற்றியூர் தாண்டியும் சூடு காட்டும் முள் அடியிலேயே படுத்துக் கிடக்கும். டீசலைக் குடிக்கும், கறுப்பாகப் புகைவிடும். வெயில் ஏறி, ஹார்பருக்குப் போய்வருகிற கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் மாட்டிக்கொண்டாலோ அதே முள் விறுவிறுவென்று சிவப்புக்கு ஏறும். ஓரங்கட்டி, அணைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். கொழுந்தன் ரேடியேட்டரைக் கழுவினான், ஃபேனைப் பார்த்தான், தண்ணீர் மாற்றினான். பாவம், லீவு நாளெல்லாம் என் வண்டிக்கு அடியிலேயே கிடந்தான். வீட்டுக்காரர் அதையும் பார்த்துவிட்டு, "இன்னொரு தபா ரோட்ல நின்னுது, வித்துட்டு வேற வேலய பாக்கறேன்" என்றார்.

நின்றது. அதுவும் போகும்போதே, நான்கு கூடையும் நிறைந்திருந்த நாளில். ஏலம் முடியவே நேரமாகிவிட்டது, வெயில் சுள்ளென்று அடித்தது, முன்னாலும் பின்னாலும் லாரிகள். பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியதும் என் கூட்டாளிகளில் மூத்த அக்கா இறங்கினாள். தன் கூடையிலிருந்து ஐஸை இரண்டு கையாலும் அள்ளி ரேடியேட்டர் மேல் அப்ப ஆரம்பித்தாள்.

"யக்கா, இன்னா பண்ற நீ?" என்று கத்தினேன்.

"ஜொரம் வந்தா ஐஸுதான்டீ வெப்பாங்க" என்றாள் நிதானமாக.

லாரி டிரைவர்கள் எல்லாம் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. ஐஸ் போனதுதான் மிச்சம், மத்தியானத்துக்குள் மீன் தொய்ந்துவிட்டது. பல நாளைக்கு வண்டியின் முகத்தில் கவளை மீன் வாடை அடித்தது. விஷயம் எப்படியோ ஹார்பர் வரைக்கும் போய்விட்டது. சாயங்காலம் வீட்டுக்காரர் சண்டை எதுவும் போடவில்லை. "ஞாயித்துக்கெயம வண்டி பாக்க ஆள் வரான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். திரும்பவும் அந்த ரோட்டில் கூடையோடு நின்று கையைக் காட்ட என்னால் முடியாது என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

மறுநாள் திருவொற்றியூரில் ஒரு ரேடியேட்டர் கடையில் வண்டியை விட்டேன். கடைக்காரர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டுக் கடைசியில் ஒரு மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். "வால்வு எங்கம்மா?" என்றார்.

"எடுத்தாச்சு. நம்ம வெயிலுக்கு வோணாம்னு..."

"அதான் கொதிக்குது. இஞ்சின் சூடாவறவரிக்கும் தண்ணி உள்ளயே சின்ன சுத்து சுத்தும். சூடாச்சுன்னா வால்வு ரேடியேட்டர் பக்கம் தொறக்கும், அந்த சின்ன வயிய மூடிடும். இப்ப உன் வண்டில ரெண்டு வயியும் தொறந்து கெடக்குது. பாதி சுடுதண்ணி ரேடியேட்டர் பக்கமே போவாம திரும்பி வந்துகினு கீது."

புது வால்வு ஒன்று வாங்கினேன். அங்கேயே மாட்டித் தருவதாகச் சொன்னார். நான் வேண்டாமென்றேன். இத்தனை நாள் அடியில் கிடந்து உழைத்தவன் இருக்க, வேறு கை பட்டு வண்டி சரியானது என்றால் அவன் முகம் என்னவாகும்? எனக்கு வண்டியும் வேண்டும், அவனும் வேண்டும்.

வீட்டில் வால்வைக் காட்டியதும் கொழுந்தனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கடக்காரன் விக்கறதுக்கு சொல்லுவான் அண்ணி. இத்தினி போட்டு இஞ்சின்ல கயட்டிப் போட்டுக்கீறேன், ஒண்ணுகூட கொதிக்கல."

"உன் போட்டு சிக்னல்ல நிக்குதா? கண்டெய்னர் பின்னால நிக்குதா?" என்றேன் நானும் சூடாக. பேசித் தீராது என்று தெரிந்து, சோறு வடிக்கிற சட்டியில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தேன். வால்வை நூலில் கட்டி, குறுக்கே வைத்த கரண்டியிலிருந்து தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். சூட்டுக்குத் திறக்கிறதா இல்லையா, அதுவே சொல்லட்டும்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் சுட்டது, ஆவி வந்தது, வால்வு பிடிவாதமாக வாயை மூடிக்கொண்டு தொங்கியது. கொழுந்தன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சட்டியின் அடியில் குமிழிகள் கிளம்பிய நேரத்தில் நடுவில் இருந்த தட்டு மெல்ல நகர்ந்தது. யாரும் தொடாமல், தானாக. அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்தான்.

"உசுரு கீற மாரி தொறக்குது அண்ணி!"

அடுப்பை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் மூடிக்கொண்டது. அவனே மறுபடி பற்ற வைத்தான். இந்தத் தடவை அடிப்பக்கத்தைப் பார்த்தான். "கீய ஒரு தட்டு கீது பாரு. மேல தொறக்க தொறக்க இது எறங்குது. இதுதான் அந்த சின்ன வயிய அடைக்குது" என்று எனக்கு விளக்கினான். அப்புறம் அடுப்பை அணைத்தான். "அப்ப நாந்தான் அண்ணி உன் வண்டிய கொதிக்க வெச்சுக்கினு இருந்தேன்."

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் உள்ளே வந்தார். சட்டிக்கு இரண்டு பக்கமும் நாங்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா கொயம்பு இது?" என்றார்.

நான் சமாளிக்க வாயைத் திறப்பதற்குள் கொழுந்தன் முந்திக்கொண்டான். "அண்ணே, வண்டி மேல தப்பு இல்ல. அண்ணி ஓட்டறதுலயும் தப்பு இல்ல. நாந்தான் இத கயட்டிப் போட்டேன்."

அவர் கிண்டல் செய்யப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சட்டியை எட்டிப் பார்த்தார். "இன்னொரு தபா கொதிக்க வை" என்றார். மூன்று பேரும் நின்று பார்த்தோம். என் அடுப்படியில் அண்ணன், தம்பி இரண்டு பேரையும் ஒன்றாக நான் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் கொழுந்தனே புது வால்வை மாட்டினான். அதற்கடுத்த நாள் வீட்டுக்காரருக்கு லீவு. யாரும் கூப்பிடாமலேயே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அக்கா பின்னாலிருந்து, "செக்கிங் வந்துகீறாருடீ" என்றாள். திருவொற்றியூரிலேயே லாரி வரிசை பிடித்துக்கொண்டது. வெயில், புகை, ஹாரன். எல்லோருடைய கண்ணும் முள்மேல்தான். அது பாதி வரைக்கும் ஏறியது. நின்றது. நாங்கள் ஊர்ந்தோம், நின்றோம், மறுபடி ஊர்ந்தோம். முள் அசையவில்லை. கத்திவாக்கத்தில் கூடைகளை இறக்கும்போது என் கூடையின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார். அவர் கூடையைத் தொட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி ஆள் வந்துவிட்டான். வண்டியைச் சுற்றி வந்தான், டயரை உதைத்தான், குனிந்து அடியில் பார்த்தான். பிறகு வீட்டுக்காரரிடம் போய், "இன்னா வெல சார் சொல்றீங்க?" என்றான்.

"என்ன இன்னாத்துக்கு கேக்கற? ஓட்டறவங்கள கேளு" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

வியாபாரம் செய்கிறவள் நான். வந்த கிராக்கியை விலை சொல்லாமல் திருப்பி அனுப்பியதே கிடையாது. அன்றைக்கு அனுப்பினேன்.