மரியம்மாள் தொடாத கயிறு

கிணற்றுத் தண்ணீரின் இனிப்பைப் பற்றி உங்கள் வீட்டில் பேசியிருப்பார்கள். அதை யார் இறைக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள் என என்றாவது கேட்டிருக்கிறீர்களா?

மரியம்மாளுக்கு எழுபத்தாறு வயது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்து வளர்ந்தது சுவா சூ காங் பக்கம், இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கும் இடத்தில் இருந்த ஒரு கம்பத்தில், அதாவது சிற்றூரில். அங்கே ஓர் ஊற்றுக் கிணறு. மழை இல்லாத மாதங்களிலும் வற்றாது. பூமிக்கு அடியில் சுரந்த அந்த ஊற்று யாரிடமும் சாதி கேட்கவில்லை. கேட்டவர்கள் மேலே நின்றார்கள்.

அண்மையில் அவர் இப்போது குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பழைய கிணறுகளைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஏற்பாட்டாளர் யாமினி மாதிரிக் கிணறு ஒன்றை நிறுத்தி, பக்கத்தில் ஒரு குடமும் வைத்து, படம் எடுப்பதற்காக மரியம்மாள் கையில் கயிற்றைக் கொடுத்தார்.

"ஆன்ட்டி, தண்ணி இறைக்கிற மாதிரி ஒரு போஸ் லா."

"நான் இறைச்சதே இல்லம்மா."

"அப்ப உங்க அம்மா?"

"அவங்களையும் விடமாட்டாங்க. நாங்க தாழ்ந்த சாதியாம். குடத்தைக் கீழ வச்சிட்டுத் தள்ளி நிக்கணும். மேல்சாதிக்காரங்க யாராச்சும் வந்து ஊத்தினாத்தான் தண்ணி."

அதே கம்பத்தில் வளர்ந்த துரைசாமியும் அங்கே இருந்தார். அவர் வீட்டார் ஊற்றியவர்கள்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு மரியம்மா? எல்லாரும் குடிச்சது ஒரே தண்ணிதானே?"

"ஆமாண்ணே, தண்ணி ஒண்ணுதான். உங்க அக்கா தலை பின்னி, பவுடர் போட்டு, ஆடி அசைஞ்சு வர்ற வரைக்கும் வெயில்ல நின்னது யாரு? உங்க காலா, என் காலா?"

யாரோ சிரித்தார்கள்.

சுவரில் மாட்டியிருந்த பலகையை மரியம்மாள் படித்தார்: 'எல்லோரும் ஒன்றாக இறைத்த கிணறு.'

"இது பொய்யும்மா. மாத்திடு."

"பிரிண்ட் ஆயிடுச்சே ஆன்ட்டி. அப்புறம் பார்க்கலாம்."

மரியம்மாள் கயிற்றைக் கீழே போட்டார். குடத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய்க் கைகட்டி நின்றார். "எடுக்கிறதுன்னா இப்படி எடு."

யாமினி எடுத்தார். படம் இப்போது அந்தப் பலகைக்குக் கீழேயே தொங்குகிறது. வரி மட்டும் மாறவில்லை. அதனால், ஏதோ களைப்பில் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு பார்ப்பவர்கள் கடந்து போகிறார்கள்.

கண்காட்சி இந்த மாதக் கடைசிவரை இருக்கும். போய்ப் பாருங்கள். அந்த வரியை மாற்றச் சொல்லி யாமினியிடம் கேளுங்கள். ஒரு கிழவி கேட்டால் 'அப்புறம்' என்பார்கள்; நீங்களும் சேர்ந்து கேளுங்கள்.