பேசில் அண்ணே நிறுத்தாத கார்

சொன்னால் நம்பமாட்டீர்கள், நடந்து ஒன்பது நாளாகியும் எனக்கு நெஞ்சு படபடப்பு அடங்கவில்லை. "பேசிலா? நம்ம பேசிலா?" என்று வாயைப் பிளக்காத ஆள் எங்கள் ஹோட்டலில் இல்லை.

நான் குமுதா. பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஹோட்டல் வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கார்ச் சாவியை வாங்கி டோக்கன் கொடுப்பது என் வேலை. அந்தக் கார்களைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறவர்களை இங்கே ஜாக்கி என்போம். பேசில் அண்ணே முப்பத்துநாலு வருஷமாக ஜாக்கி. அப்பா ரயில் டிரைவர், பிறந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில், இப்போது வீடு கிள்ளானில். அடுத்த மாதம் அறுபது முடிந்து ஓய்வு பெறவேண்டியவர். இத்தனை வருஷத்தில் அவர் கை பட்ட ஒரு காரிலும் ஒரு கீறல் கிடையாது. அந்தப் பெயரோடு வீட்டுக்குப் போகவேண்டும் என்பதுதான் மனிதருக்கு இருந்த ஒரே ஆசை. கிறிஸ்துமஸுக்குப் புதுச்சட்டைகூட எடுக்காதவருக்கு இதில் மட்டும் அவ்வளவு பிடிவாதம்.

அவருக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. கடையில் வாங்கி ஓட்டக்கூடிய கார்களில் உலகத்திலேயே வேகமானது எது என்று, வருஷம் வாரியாக மனப்பாடம். கூட்டமில்லாத நேரத்தில் என் கவுண்டரில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"நாப்பத்தொம்பதுல ஒரு ஜாகுவார் வந்துச்சு குமுதா. மணிக்கு இருநூறு."

"இருநூறா! அந்தக் காலத்துலயா?"

"இதுக்கே கண்ண உருட்டுறியே! எம்பதுகள் கடைசில ஃபெராரி முந்நூத்தி இருவதத் தாண்டிடுச்சு. அப்புறம் மெக்லாரன். டிரைவர் நடுவுல ஒக்காரணும், ரெண்டு பக்கமும் ஆளு. அது முந்நூத்தி எம்பத்தாறு."

"ஐயோ, போதும் லா அண்ணே. தல சுத்துது."

போதுமா? ரெண்டாயிரத்து ஐந்தில் புகாட்டி நானூறைத் தாண்டியதாம். பிறகு ஒரு சுவீடன்காரன் நானூற்று நாற்பத்தேழாம். எங்கள் ஹைவேயில் நூற்றுப்பத்தைத் தாண்டினாலே அபராதச் சம்மன் வீட்டுக்கு வருகிறது, இந்த வண்டிகளை வாங்கி எங்கே கொண்டுபோய் ஓட்டுவார்கள் என்று நான் கத்துவேன். அவருக்குச் சிரிப்பு வரும். "ஓட்டுறது அவன் பாடு. எவ்ளோ வேகமா வந்தாலும் கடைசில எங்கிட்டதான வரணும்? நிறுத்துறது நான்." அப்படிச் சொல்கிறவர் தன் பழைய புரோட்டான் சாகா காரில் எண்பதைத் தாண்டியதில்லை. சர்ச்சுக்குப் போவதற்குள் பூசையே முடிந்துவிடும் என்று அவர் மனைவி மகதலேனா அக்கா என்னிடமே புலம்பியிருக்கிறார்.

காதாலேயே காரைச் சொல்லிவிடுவார். வாசல் சரிவில் வண்டி ஏறும்போதே "போர்ஷே, கிளட்ச் போகப்போவுது" என்பார். வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்ததும், எஞ்சினுக்கு உயிர் வந்துவிட்டதா என்று ஆக்சிலரேட்டரை லேசாக ஒரு மிதி. உர்ரென்று கேட்டால்தான் நகர்த்துவார். பழைய ஜாக்கிகள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு.

போன வருஷம் ஒரு காலையில் பேயறைந்த முகத்தோடு வந்தார். "நானூத்தித் தொண்ணூத்தாறு, குமுதா! சீனாக்காரன்! கரண்டு வண்டி! சத்தமே இல்ல!" வேகத்தைவிட அந்தச் சத்தம் இல்லாததுதான் அவரை உலுக்கிவிட்டது. கரண்டு கார் வாசலுக்கு வந்தாலே "மார்வின், ஒன்னோட ஆளு வந்திருக்கு" என்று இளைய ஜாக்கியைத் தள்ளிவிட்டு நகர்ந்துகொள்வார்.

நான் சொல்லவந்த அன்று மார்வின் மெடிக்கல் லீவ்.

வந்தது கரண்டு கார்தான். என்ன கம்பெனி என்று சொல்லமாட்டேன். சொந்தக்காரர் சாவி அட்டையை என் முன்னால் போட்டுவிட்டு லிஃப்டுக்கு ஓடிவிட்டார். பின்னால் இரண்டு கார் ஹாரன் அடிக்கிறது. "அண்ணே, நீங்களே எடுங்க" என்றேன். நான்தான் சொன்னேன். காருக்கு முன்னால் இருந்த ஆரஞ்சு கூம்பை எடுக்க நானே போய்க் குனிந்தேன்.

உள்ளே அவர் கியரைப் போட்டிருக்கிறார். சத்தமில்லை. இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை என்று காது சொல்ல, முப்பத்துநாலு வருஷக் கால் மிதித்துப் பார்த்துவிட்டது.

ஒரு சத்தம் இல்லை. நிமிர்ந்தால் கார் என்மேல் வருகிறது! கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது நம்பர் பிளேட் என் முட்டியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சில்லென்று இருந்தது.

உயிர் திரும்பியதும் எனக்கு வந்தது கோபம்தான். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு! எனக்கு ரெண்டு பிள்ள இருக்கு அண்ணே!" என்று கிழித்துவிட்டேன். அவர் இறங்கி வந்து என் முட்டியையே பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பாவமாகிவிட்டது. சுற்றிப் பார்த்தேன். பின்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஹாரன்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, யாரும் பாக்கல. ஒரு கீறலும் இல்ல. டக்குனு பிரேக் அடிச்சிட்டீங்க. வாய மூடிக்கிட்டுப் போய் நிறுத்துங்க."

"நான் பிரேக் அடிக்கல" என்றார்.

"என்னா?"

"என் காலு பிரேக்குக்குப் போகவே இல்ல, குமுதா. முன்னால ஆளு நிக்கிறத அதுவே பாத்துச்சு. அதுவா நின்னுச்சு."

நடந்ததைச் சொல்லி, காரை மேனேஜரிடமே விட்டார். மேனேஜர் சிவேந்திரன் நல்ல மனிதர். "காருக்கும் ஒன்னுமில்ல, ஆளுக்கும் ஒன்னுமில்ல. இன்னும் மூணு வாரம்தான பேசில், போய் வேலையப் பாருங்க" என்றுதான் சொன்னார். அண்ணே கேட்கவில்லை. "நிறுத்தத்தான பாஸ் எனக்குச் சம்பளம்? இன்னிக்கு நான் நிறுத்தல" என்று பெயர்ப்பட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மதியமே ரயிலேறிவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று வாரம், ஐயா! மூன்றே வாரம்!

பிரிவு விருந்துக்கு நான் முன்கூட்டியே கேக் சொல்லியிருந்தேன். சிவப்புக் கார் படம், கீழே 'முப்பத்துநாலு வருஷம், ஒரு கீறல் இல்லை'. அதை முன்னாலேயே செய்யச் சொல்லி வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். திட்டித் தீர்க்கத்தான் போனேன்.

மகதலேனா அக்கா கத்தியை நீட்டினார். அண்ணே எழுத்தை வாசித்தார். பிறகு கத்தி முனையால் அந்தச் சிவப்புக் காரின் முன்பக்கத்தில், நம்பர் பிளேட் இருக்கவேண்டிய இடத்தில், நீளமாக ஒரு கோடு கீறினார்.

"இப்ப சரி" என்றார். அந்தத் துண்டை வெட்டி முதலில் எனக்குத்தான் கொடுத்தார்.

"முட்டி வலிக்குதா தங்கச்சி?"

திட்டப் போனவள் நான். வாய் நிறைய கேக்கை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன்.