ரெஜினா நிறுத்திய லாரி

அல்சூர் மெட்ரோ நிலையத்தில் படியேறிக்கொண்டிருந்தபோது ரெஜினாவின் கணவர் அழைத்தார். "காலைல போய்ட்டா சார்," என்றார். மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தவர்தான். இருந்தும் ரயிலை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நம் செங்கல் ஆலையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ரெஜினா தங்கவயல் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். ஆலையில் சூளை அவர் பொறுப்பு, விற்பனை என் பொறுப்பு. கிரானைட் பட்டறைகள் ஏரிக்கரையில் கொட்டிவந்த, கல் அறுத்த மாவைக் களிமண்ணோடு கலந்து சுடலாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். "சூட்டுல இந்த மாவு உருகி மண்ண கெட்டியா புடிச்சிக்கும் சார். சாதா செங்கல்லவிட உழைக்கும்." சொன்னபடியே வந்தது.

முதல் பெரிய ஆர்டர், ஈஜிபுராவில் ஒரு பள்ளிக்கூடச் சுவர். லாரி கிளம்பும் நேரத்தில் ரெஜினா குறுக்கே நின்றார். சில கற்களில் வெள்ளைப் புள்ளி. "மேலே பூச்சு வந்துவிடும், யாருக்குத் தெரியப்போகிறது?" என்றேன். அவர் பத்துக் கற்களைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். மறுநாள் பார்த்தால் நான்கு கற்கள் புள்ளி இருந்த இடத்தில் வெடித்திருந்தன.

"புள்ளைங்க சாஞ்சி நிக்கிற செவுரு சார் இது."

உடைந்த கல்லை அவரே கொண்டுபோய்த் தலைமையாசிரியையின் மேசையில் வைத்தார். "தப்பு எங்களுது மேடம். நல்ல கல்லு வர்ற வரைக்கும் டைம் குடுங்க. இல்லன்னா வேற எடத்துல வாங்கிக்கங்க." அந்த அம்மாள் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காத்திருப்பதாகச் சொன்னார்.

காரணத்தையும் ரெஜினாவே கண்டுபிடித்தார். நாங்கள் மாவு எடுத்த பட்டறையில் கிரானைட் மாவும் மார்பிள் தூளும் ஒரே குழியில் விழுந்தன. மார்பிள் சூளையில் வெந்து சுண்ணாம்பாகிவிடும். பிறகு ஈரம் பட்டால் ஊதி வெடிக்கும். "எரடூ பேரே பேரே ஹாகி அண்ணா," இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள் என்று பட்டறை மேஸ்திரியிடம் கன்னடத்தில் கேட்டார். மேஸ்திரி சிரித்தார். ரெஜினா தினமும் போய் நின்றார். எட்டாம் நாள் இரண்டாவது குழி வெட்டப்பட்டது.

புதுக் கல்லில் எழும்பிய அந்தப் பள்ளிச் சுவர் மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது. ஒரு கல்கூட வெடிக்கவில்லை.

நேற்று பிரேசர் டவுனிலிருந்து ஒருவர் மாடியில் தடுப்புச் சுவர் எழுப்பக் கல் கேட்டார். "நம் கல் கனம் அதிகம், மாடித் தடுப்புக்கு ஒத்துவராது," என்றுதான் பேச்சைத் தொடங்கினேன். குறையை முதலில் சொல்லும் வாய் எனக்கு முன்பு இருந்ததில்லை. அது ரெஜினா கொடுத்தது, என்னிடம் இருக்கும்.