இளங்கொடி தொங்கிய ஆலமரம்

போன வாரம் பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில் ஓர் ஓவியத்தைப் பார்த்தேன். மைசூரில், டாக்டர் அறைக்கு வெளியே, சோபாவுக்கு மேலே மாட்டியிருந்தார்கள். பள்ளத்துக்குள் ஓர் ஆலமரம். விழுதுகளுக்கு நடுவே பொன்னிறத்தில் ஏழெட்டு வைக்கோல் பொட்டலங்கள். கீழே ‘பிரார்த்தனை’ என்று கன்னடத்தில் பெயர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், “எஷ்டு சென்னாகிதெ!” என்று அதன் அழகில் உருகினார். எனக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

அந்தப் படத்துக்குச் சட்டம் அடித்தவன் நான்தான்.

தொண்ணூறுகளில் மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு பிரேம் கடையில் வேலை பார்த்தேன். மாட்டுத்தோலும் எலும்பும் காய்ச்சிய வஜ்ரப் பசை அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்கும். அந்த நாற்றம் பழகிய மூக்குக்கு வேறெதுவும் உறைக்காது என்று நினைத்திருந்தேன். ஞாயிறுதோறும் வண்ணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போகும் ஓவியர்கள் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். யாரும் பார்க்காத மூலையாகப் பார்த்து வரைய வேண்டும் அவர்களுக்கு. அங்கே ஆள் இருக்கக் கூடாது; இருந்தாலும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

அவர்களில் ஒருவர் மைசூர்த் தமிழர். ‘ஆர்ட்டிஸ்ட் சார்’ என்போம். “எல்லாரும் வரைஞ்ச எடத்தையே வரைஞ்சு போர் அடிச்சுப் போச்சு குரு. உங்க ஊர்ப் பக்கம் ஏதாவது மூலை இருந்தா காட்டேன்” என்றார். என் வாய் சும்மா இருக்குமா? எனக்கு ஹனூர் பக்கம் ஊர். அடுத்த வாரமே கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

எங்கள் பக்கம் பசு கன்று போட்டதும் விழும் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள். ஆல் பால்மரம், அதனால் மாட்டுக்கும் பால் பெருகும் என்று நம்பிக்கை. நாய் நரி தின்றால் பால் வற்றிவிடுமாம். மரம் ஊருக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில், பாறைகளுக்கு இடையில் நின்றது. கட்ட வருபவர்களைத் தவிர யாரும் அங்கே இறங்க மாட்டார்கள். ஈக்கள் மட்டும் சந்தோஷமாக இருக்கும்.

“சக்கத்தா இருக்கு, பிரமாதம் குரு! இதெல்லாம் என்ன?” என்று கேட்டார் ஆர்ட்டிஸ்ட் சார், மூக்கில் கைக்குட்டையோடு.

மாட்டின் இளங்கொடி என்று சொல்ல வெட்கமாகிவிட்டது. ஐந்து வருஷ மைசூர் நாகரிகம் தடுத்தது. “நேர்த்திக்கடன் சார். வேண்டிக்கிட்டுக் கட்டுறது” என்றேன். நாற்றத்துக்கும் செத்த நரி ஒன்றைக் காரணம் சொல்லிவைத்தேன்.

மனிதர் கண்கலங்கிவிட்டார். நாள் முழுக்க வரைந்தார். கிளம்பும்போது, கண்காட்சியில் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட ஒரு பொட்டலம் வேண்டும் என்றார். நேர்த்திக்கடன் என்று சொன்னவன் இப்போது எப்படி மாற்றிப் பேசுவது? காய்ந்த பொட்டலங்கள் எல்லாம் உச்சியில் இருந்தன. எனக்கு மரமேறுவதும் மறந்திருந்தது. எட்டிய கிளையில் புதிதாக ஒன்று, பச்சைச் சேலைக் கிழிசலால் கட்டியிருந்தது. அது என் அத்தையின் சேலை. முந்தின நாள்தான் அவள் மாடு கன்று போட்டிருந்தது. அன்று காலை அவள் காய்ச்சிக் கொடுத்த சீம்பால் என் வயிற்றில் இருந்தது. தெரிந்தேதான் அவிழ்த்தேன்.

கொள்ளேகால் போகும் பஸ்ஸில், வெயிலில், பொட்டலத்தைப் போட்டிருந்த பை கசிய ஆரம்பித்தது. கொழகொழவென்று கறுப்புச் சிவப்பாக ஏதோ என் செருப்புக்கு அடியில் ஓடியது. “யாருப்பா மீனு கொண்டாறது?” என்று கண்டக்டர் கத்தினார். ஆர்ட்டிஸ்ட் சார் பையைத் திறந்து பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார். கொள்ளேகாலில் இறங்கியதும் பையோடு குப்பையில் எறிந்தார். இரண்டு நாய்கள் அதை ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. அது என்னவென்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். “சீ!” என்றார். ஆனாலும் படத்துக்குப் ‘பிரார்த்தனை’ என்றே பெயர் வைத்தார். நானும் கண்ணாடி போட்டு ஆணி அடித்துக் கொடுத்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்றம் வராதல்லவா.

மூன்று வாரம் கழித்து ஊருக்குப் போனபோது அத்தை வீட்டு வாசலில் கூட்டம். மாட்டுக்கு மடி வீங்கிப் பால் நின்றுபோயிருந்தது. மரத்தில் அவள் கட்டிய பொட்டலமும் இல்லை. யாரோ அதை அவிழ்த்துத் தன் மாட்டுக்குப் பாலை இழுத்துக்கொண்டாள் என்று அத்தையின் சந்தேகம் பக்கத்து வீட்டு மாதேவி மேல் விழுந்துவிட்டது. இருவரும் இருபது வருஷமாகச் சேர்ந்தே புல்லறுக்கப் போனவர்கள்.

“என்ற மாட்டுப் பால உறிஞ்சிப்போட்டியேடி!” என்று அத்தை மண்ணை வாரித் தூற்றினாள்.

“மாதப்ப சாமி மேல சத்தியமுங்க அக்கா, நான் அந்தப் பள்ளத்துப் பக்கமே போவலீங்க” என்று அழுத மாதேவி, உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்திக்கொண்டாள். தோல் பொரிந்தது. நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. ஆர்ட்டிஸ்ட் சார் மேல் எனக்கு இருக்கும் அருவருப்பு கொஞ்சம்தான். மீதி முழுக்க அங்கே பேண்ட் போட்டுக்கொண்டு நின்ற என் மேல்தான்.

அதன்பின் அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. நடுவில் வேலி வந்தது. இப்போது ஊரில் மாடு வைத்திருப்பவர்களே இரண்டு மூன்று பேர்தான். இளங்கொடியைக் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறார்கள். ஆலமரத்தில் ஒரு பொட்டலம்கூட இல்லை. பள்ளத்துக்கு வழியும் தூர்ந்துவிட்டது. மாதேவி போன வருஷம் செத்துப்போனாள். அந்தச் சாவுக்குக்கூட அத்தை போகவில்லையாம்.

பல் பிடுங்கிய மறுநாள் ஊருக்குப் போய், வீங்கிய கன்னத்தோடு அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாக்கெட் பாலில் டீ போட்டுக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்தாள்.

“இத மாதேவிகிட்டச் சொன்னியா?”

“இல்லீங்கத்தை.”

“அப்புறம் என்கிட்ட எதுக்குடா சொல்ற?”